பிக்கப் ட்ரக்கும் ட்ராவல் ட்ரெய்லரும்: கதவோரத்து ஸ்டிக்கர் சொல்லும் கணக்கு

டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் 28 அடி நீள ட்ராவல் ட்ரெய்லர் வாங்கிய மறுவாரம் என்னைக் கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அண்ணா, என் ட்ரக் 11,000 பவுண்டு இழுக்கும். ட்ரெய்லர் 6,000தான். பாதிக்குக் கொஞ்சம் மேல. தாராளமா போகலாம்னு ஷோரூம்ல சொல்லிட்டாங்க. கோடை லீவுக்குக் கொலராடோ கிளம்பறோம்."

"நல்லது தம்பி. ஒரு நிமிஷம், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர்ல ஒரு நம்பர் இருக்கும். அதைப் படிங்க."

கதவு திறக்கும் ஓசை கேட்டது. "1,560 பவுண்டுன்னு போட்டிருக்கு அண்ணா. இது எதுக்கு?"

அந்த "எதுக்கு" என்ற கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நம்மவர்கள் பலர் இப்போது ட்ரெய்லர் வாங்குகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஒரு சிறு வீட்டை ட்ரக்கின் பின்னால் கொக்கியில் மாட்டி, தேசியப் பூங்காக்களைச் சுற்றி வருகிறார்கள். அருமையான பழக்கம். ஆனால் வாங்கும்போது எல்லாரும் கேட்பது "எவ்வளவு இழுக்கும்?" என்ற ஒரே கேள்வியைத்தான். விற்பவரும் அதற்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார். சாதாரணக் குடும்ப ட்ரக்கில் இழுவைத் திறன் தீருவதற்கு வெகு முன்பே சுமக்கும் திறன் தீர்ந்துவிடும். அதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

விமான நிலையத்துப் பெட்டி

ஊருக்குப் போகும்போது 23 கிலோ பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறோம். இரண்டு சக்கரம் மட்டும் உள்ள பழைய வகைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சாய்த்துப் பிடித்து இழுத்தால் சின்னப் பிள்ளைகூட இழுத்துவிடும். பெட்டியின் எடையில் பெரும்பகுதியைச் சக்கரங்கள் தாங்குகின்றன.

பெரும்பகுதிதான், முழுவதும் இல்லை. சாய்த்த பெட்டியின் கைப்பிடி உங்கள் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்துவதை உணர்ந்திருப்பீர்கள். அந்தக் கொஞ்ச எடையை நீங்கள் இழுப்பதில்லை, சுமக்கிறீர்கள். அதுவும் எப்படி? முதுகில் ஏற்கெனவே ஒரு பை, இடுப்பில் குழந்தை, தோளில் லேப்டாப். பெட்டி இழுபட மறுப்பதில்லை. உங்கள் தோள்தான் முதலில் "போதும்" என்கிறது.

ட்ரக்குக்கும் இதே கதை. எஞ்சினும் கியரும் இழுக்கின்றன. பின்பக்க ஸ்பிரிங், அச்சு, டயர், பிரேக், வண்டியின் அடிச்சட்டம் ஆகியவை சுமக்கின்றன. ட்ரெய்லரை மாட்டியதும் ட்ரக் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். எஞ்சின் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது ஸ்பிரிங்கின் வேலையைச் செய்துவிட முடியாது.

மாட்டு வண்டிக்காரருக்குத் தெரிந்தது

ட்ரெய்லரின் முன்முனை ட்ரக்கின் கொக்கியை அழுத்தும் எடைக்கு ஆங்கிலத்தில் டங் வெயிட் என்று பெயர். தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: முன்பாரம். இனி அப்படியே சொல்கிறேன்.

மாட்டு வண்டியில் மூட்டை அடுக்குகிறவரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அச்சுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி பார்த்துப் பார்த்து அடுக்குவார். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், மாடு தலையைத் தொங்கப் போட்டுவிடும். பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்து, "ஒரு மூட்டையை முன்னால தள்ளு" என்பார். எடை மேடை இல்லாத காலத்தில் அவருடைய கைதான் தராசு.

ட்ராவல் ட்ரெய்லருக்கும் அச்சு நடுவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி இருக்கிறது. ஏற்றிய ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. கணக்குப் போட நான் 13 சதவீதம் என்று எடுத்துக்கொள்வேன். நடைமுறையில் அதன் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது.

"அப்படியானால் முன்பாரத்தைக் குறைத்துவிட்டால் ட்ரக்குக்கு நிம்மதிதானே" என்று தோன்றும். இந்த எண்ணம்தான் ஆபத்து. ட்ரெய்லரின் முன்பக்கப் பெட்டியில் இருந்த பாரத்தை எல்லாம் பின்பக்கம் மாற்றுகிறார்கள், பின் பம்பரில் நான்கு சைக்கிளை மாட்டுகிறார்கள். முன்பாரம் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி கடந்து போகும். அதன் காற்று ட்ரெய்லரின் பக்கவாட்டில் அறையும். முன்பாரம் போதுமான அளவு இருந்தால் ட்ரெய்லர் ஒருமுறை அசைந்து அடங்கிவிடும். குறைவாக இருந்தால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தைய ஆட்டத்தைவிடப் பெரிதாகும். வால் நாயை ஆட்டுகிற மாதிரி, ட்ரெய்லர் ட்ரக்கின் பின்பக்கத்தை இடமும் வலமும் இழுக்கத் தொடங்கும். இந்த ஆட்டத்தை ஸ்வே என்கிறார்கள். வேகம் கூடக் கூட இது மோசமாகும். அந்த நேரத்தில் ட்ரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டாஷ்போர்டில் உள்ள ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாக அழுத்த வேண்டும். இந்த ஒரு வரியை ட்ரெய்லர் வாங்கிய எல்லாரும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை பார்த்தது: ட்ரெய்லரின் எடையில் எட்டில் ஒரு பங்கு போல ட்ரக்கின் தோளில் உட்காருகிறது. அதைக் கண்டபடி குறைக்க முடியாது. ஆகவே அதைத் தாங்கும் இடம் ட்ரக்கில் இருக்க வேண்டும்.

கதவோரத்து ஸ்டிக்கர்

அந்த இடம் எவ்வளவு என்று சொல்வதுதான் நண்பர் படித்த 1,560. ஓட்டுநர் கதவு மூடும் இடத்தில், தூணில், டயர் காற்றழுத்தம் எழுதிய ஸ்டிக்கரிலேயே ஒரு வாக்கியம் இருக்கும்: பயணிகளும் பொருள்களும் சேர்ந்த எடை இத்தனை கிலோ அல்லது இத்தனை பவுண்டைத் தாண்டவே கூடாது என்று. இந்த எண்ணுக்குப் பேலோட் என்று பெயர்.

பக்கத்திலேயே இன்னொரு லேபிளில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். ட்ரக்கும் அதன்மேல் உள்ள அத்தனையும் சேர்ந்து எட்டக்கூடிய உச்ச எடை அது. மொத்த எடை வரம்பு என்று வைத்துக்கொள்வோம். நண்பரின் ட்ரக்கில் அது 7,050 பவுண்டு. டாங்க் நிறைய எரிபொருளோடு, ஆள் யாரும் இல்லாமல், அவருடைய ட்ரக்கின் எடை 5,490. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 1,560. பேலோட் என்பது இந்தக் கழித்தல் கணக்கு மட்டும்தான். வேறு மர்மம் எதுவும் இல்லை.

அதே லேபிளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்பு இருக்கும். பின் அச்சு வரம்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்தப் பேலோடில் யார் யார் பங்கு கேட்கிறார்கள்? ஓட்டுநர் முதல் ஆள். "ஓட்டுநர் எடையைக் கம்பெனியே கழித்துவிட்டது" என்று பலர் நம்புகிறார்கள், கிடையாது. பிறகு மனைவி, பிள்ளைகள், நாய். ட்ரக்கின் திறந்த பின்தொட்டியில் வைக்கும் ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், விறகு. தொட்டிக்குப் போட்ட மூடி. ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் என்ற இரும்புக் கொக்கி அமைப்பு. கடைசியாக, ட்ரெய்லரின் முன்பாரம். ட்ரெய்லரை மாட்டினால் அதன் எடையில் ஒரு பகுதி வண்டிக்கு மாறும் என்பதை வண்டியோடு வரும் கையேடும் சொல்கிறது. யாரும் பிரித்துப் படிப்பதில்லை.

இன்னொன்று: ஸ்டிக்கர் எண் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உரியது. அதே நிறுவனம், அதே மாடல், அதே ஆண்டு என்றாலும் பக்கத்து வீட்டு ட்ரக்கின் எண் வேறாக இருக்கும். கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, நான்கு சக்கர ஓட்டம், பெரிய கேபின் என்று ஏற்ற ஏற்ற வண்டியின் சொந்த எடை கூடும். பேலோட் அந்த அளவுக்கு இறங்கும். 2021ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 வந்தபோது அதன் உச்ச இழுவைத் திறன் 14,000 பவுண்டு, உச்சப் பேலோட் 3,325 பவுண்டு என்று அறிவித்தார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே வண்டியில் கிடைக்காது. 3,325 கிடைப்பது அலங்காரம் ஏதும் இல்லாத, வேலைக்காகவே கட்டிய வண்டியில். குடும்பங்கள் விரும்பி வாங்கும் நான்கு கதவு, சொகுசு வகையில் அதில் பாதியை எட்டினாலே நல்ல எண். விலை கூடக் கூடத் தோள் மெலிகிறது என்பது வாங்குகிறவருக்குக் கொஞ்சம் கசப்பான செய்திதான்.

"அரை டன் ட்ரக்", "முக்கால் டன் ட்ரக்" என்ற பெயர்களும் குழப்பும். ஒரு காலத்தில் அவை சுமக்கும் எடையைக் குறித்தன; இன்று வெறும் வகைப் பெயர்கள். ஸ்டிக்கரைப் பார்க்காமல் பெயரை நம்ப வேண்டாம்.

அப்படியானால் அந்த 11,000 பொய்யா?

பொய் இல்லை. முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இழுவைத் திறனை அறிவித்துக்கொண்டிருந்தது. பிறகு வாகனப் பொறியாளர்கள் சங்கமான எஸ்.ஏ.இ., ஜே2807 என்ற பொதுச் சோதனை முறையை வகுத்தது. டொயோட்டா 2011 மாடல்களில் அதை முதலில் ஏற்றுக்கொண்டது. மற்ற பெரிய நிறுவனங்கள் அடுத்த சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் 11.4 மைல் நீள ஏற்றம் ஒன்று இருக்கிறது. ஏ.சி. முழுவதும் ஓட, ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு, அந்த ஏற்றத்தில் வேகம் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். கடுமையான சோதனை, சந்தேகமில்லை.

ஆனால் அந்தச் சோதனையில் ட்ரக்கில் யார் இருப்பதாக வைத்துக்கொள்கிறார்கள்? ஆளுக்கு 150 பவுண்டு எடையில் இரண்டே பேர். பிள்ளைகள் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, தொட்டியில் சைக்கிள் இல்லை. முன்பாரமும் 10 சதவீதம் என்றே கணக்கு.

நண்பரின் ட்ரக்கில் உண்மையாகவே 11,000 பவுண்டு ட்ராவல் ட்ரெய்லரை மாட்டினால் என்ன ஆகும் என்று நாங்கள் போட்டுப் பார்த்தோம். 13 சதவீத முன்பாரம் 1,430 பவுண்டு. 1,560இல் அது போக மிச்சம் 130. நண்பரின் எடையே 180. ஓட்டுநரைக்கூட இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

ட்ரெய்லர் பக்கத்தில் நடக்கும் தவறு

ட்ரெய்லர் விற்கும் இடத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது டிரை வெயிட், அதாவது வெற்று எடை. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த எடை அது. அதில் தண்ணீர் இல்லை, பாத்திரம் இல்லை, போர்வை இல்லை. பல ட்ரெய்லர்களில் விற்பவர் பொருத்தித் தரும் பேட்டரிகூடச் சேராது. அந்த எடையில் யாரும் ட்ரெய்லரை ஓட்டிச் சென்றதில்லை.

ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டுக்கு மேல். கேஸ் சிலிண்டர் இரண்டும் நிறைந்திருந்தால் 75 பவுண்டு போல. பேட்டரி 50, 60. பிறகு நம் சமையலறை கிளம்பும்: இரும்பு தோசைக்கல், குக்கர் இரண்டு, 20 பவுண்டு அரிசிப் பை, இட்லி மாவு டப்பா, டேபிள்டாப் கிரைண்டர். நாற்காலி, பாய், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், சக்கரத்துக்கு அணை வைக்கும் கட்டைகள். நான்கு பேர் குடும்பத்துக்கு ஆயிரம் பவுண்டு தெரியாமலே ஏறிவிடும்.

இந்த ஆயிரம் எங்கே போய் உட்காருகிறது என்பதும் முக்கியம். சிலிண்டரும் பேட்டரியும் ட்ரெய்லரின் முன்மூக்கிலேயே, கொக்கிக்கு ஒரு முழம் பின்னால் இருக்கின்றன. பொருள் வைக்கும் பெரிய அறையும் பெரும்பாலும் முன்பக்கம்தான். அதனால் விளம்பரத் தாளில் 620 என்று போட்ட முன்பாரம், கிளம்பும் நாளில் 900ஐத் தாண்டி நிற்கும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருந்தால் நிரப்பும்போது முன்பாரம் கூடும். பின்னால் இருந்தால் குறையும். உங்கள் ட்ரெய்லரில் தொட்டி எங்கே என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் கணக்குப் போட என் வழி இது. வெற்று எடையை மறந்துவிடுங்கள். ட்ரெய்லருக்கும் ஒரு மொத்த எடை வரம்பு உண்டு. அதன் லேபிளில் இருக்கும். அந்த எண்ணில் 13 சதவீதம் எடுத்து அதையே முன்பாரமாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பரின் ட்ரெய்லருக்கு அந்த வரம்பு 7,600; முன்பாரம் 988. ஏறக்குறைய ஆயிரம்.

நண்பரின் கணக்கு

வீட்டு மேசையில் உட்கார்ந்து நாங்கள் எழுதியது இதுதான். பேலோட் 1,560. நண்பர் 180, அவர் மனைவி 145, பெரிய பெண் 110, சின்னவன் 70, ஆக 505. ட்ரக்கின் பின்தொட்டியில் ஜெனரேட்டரும் பெட்ரோல் கேனும் 85, ஐஸ் பெட்டி 60, இரண்டு சைக்கிள் 50, கருவிப் பெட்டி 40, ஆக 235. பின்தொட்டி மூடி 60. ஹிட்ச் 90. எல்லாம் கூட்டினால் 890.

1,560இல் 890 போனால் மிச்சம் 670. ட்ரெய்லர் கேட்பதோ ஆயிரத்துக்குப் பக்கம்.

நண்பரின் மனைவி தாளைத் தன் பக்கம் திருப்பினார். "அப்ப இந்த 670க்கு எவ்வளவு பெரிய ட்ரெய்லர் ஆகும் அண்ணா?" சரியான கேள்வி அதுதான். ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு ட்ரக்கில் இடம் தேடக் கூடாது. ட்ரக்கில் மிஞ்சிய இடத்தை வைத்து ட்ரெய்லரைத் தேட வேண்டும். 670ஐ 0.13ஆல் வகுத்தால் சுமார் 5,150. சாமானோடு சேர்த்து 5,150 பவுண்டு எடையுள்ள ட்ரெய்லர்தான் அந்தக் குடும்பத்துக்கும் அந்த ட்ரக்குக்கும் பொருந்தும். ஷோரூமில் சொன்ன 11,000இல் பாதிகூட இல்லை.

சுருக்கமாக: ஸ்டிக்கர் எண்ணிலிருந்து ஆட்கள், சாமான், ஹிட்ச் மூன்றையும் கழியுங்கள். மிஞ்சுவது முன்பாரத்துக்கான இடம். அதை 0.13ஆல் வகுத்தால் ஏற்றிய ட்ரெய்லரின் எடை கிடைக்கும்.

ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடாதா?

இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. பின்பக்கம் தாழ்ந்த ட்ரக்குக்கு ஸ்பிரிங்குக்குத் துணையாகத் தாங்கும் காற்றுப் பையான ஏர்பேக், கூடுதல் ஸ்பிரிங் எல்லாம் கடையில் கிடைக்கும். போட்டால் ட்ரக் நேராக நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் டயர் அதேதான், அச்சு அதேதான், பிரேக் அதேதான். ஸ்டிக்கர் எண் ஒரு பவுண்டுகூட ஏறாது. கூன் விழுந்தவருக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டினால் மூட்டை லேசாகிவிடாது.

எடை பகிரும் ஹிட்ச் கொஞ்சம் வேறு. இரண்டு ஸ்பிரிங் கம்பிகளை ட்ரெய்லர் சட்டத்தோடு இறுக்கிக் கட்டும் அமைப்பு அது. அதன் தேவை புரிய, குழந்தைகள் விளையாடும் சீசா என்ற ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துப் பாருங்கள். ட்ரக்கின் பின் அச்சுதான் பலகையின் நடுக்கட்டை. கொக்கி அதற்குப் பின்னால் நான்கைந்து அடி தள்ளி இருக்கிறது. அங்கே முன்பாரம் அழுத்தினால் ட்ரக்கின் மூக்கு தூக்கும். முன் டயர்களில் பாரம் குறையும். ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடி குறையும், இரவில் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பின் அச்சோ முன்பாரத்தையும் தாங்கி, முன்பக்கம் விட்டுக்கொடுத்ததையும் சேர்த்துத் தாங்கும். எடை பகிரும் ஹிட்ச் அந்த மூக்கைத் திரும்ப அழுத்திக் கொடுக்கிறது. ஒரு சிறு பகுதியை ட்ரெய்லரின் அச்சுக்கும் திருப்பி அனுப்புகிறது. நான் எந்தப் பெரிய ட்ரெய்லருக்கும் இது இல்லாமல் கிளம்பமாட்டேன். இருந்தாலும் இது பாரத்தைப் பங்கு பிரிக்கும் கருவிதான். இதை வைத்துக்கொண்டு பேலோடைத் தாண்டலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

பெரிய ட்ரக்குக்கு மாறுவது உண்மையான தீர்வு, ஆனால் அங்கேயும் ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும். முக்கால் டன் ட்ரக்கில் டீசல் எஞ்சின் வேண்டும் என்று ஆசைப்படுவோம். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கூடுதல். அதுவும் பேலோடிலிருந்துதான் போகிறது. இழுக்கும் பலம் கூடி, சுமக்கும் இடம் எதிர்பார்த்த அளவு கூடாமல் நிற்கும் வண்டிகள் அந்த வகையிலும் உண்டு.

எடை மேடையில்

கணக்கு எவ்வளவு கவனமாகப் போட்டாலும் அது கணக்குதான். நம் ஊரில் நெல் லாரியும் கரும்பு லாரியும் ஏறி இறங்கும் எடை மேடை போல, அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கிறது. ஒரு சிறு கட்டணத்துக்கு யாரும் எடை போடலாம். மேடை மூன்று துண்டாக இருக்கும்: முன் அச்சு ஒன்றில், பின் அச்சு ஒன்றில், ட்ரெய்லர் அச்சு ஒன்றில் நிற்க வேண்டும். மூன்றின் எடையும் தனித்தனியாக அச்சிட்டு வரும்.

டல்லாஸுக்கு வடக்கே ஐ-35 ஓரத்தில் அப்படி ஒரு நிலையத்துக்கு ஒரு சனிக்கிழமை விடிகாலை குடும்பத்தோடு போனோம். பயணத்துக்குக் கிளம்புகிற மாதிரியே எல்லாம் ஏற்றியிருந்தது. பிள்ளைகள் பின்சீட்டில் அரைத்தூக்கத்தில்.

மூன்று முறை எடை போட வேண்டும். ட்ரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு ட்ரக் மட்டும் முதலில்: முன் அச்சு 3,200, பின் அச்சு 3,180. அடுத்து ட்ரெய்லரை மாட்டி, ஸ்பிரிங் கம்பிகளை இறுக்காமல்: முன் 2,820, பின் 4,500, ட்ரெய்லர் அச்சு 6,260. இந்த இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும். ட்ரக்கின் இரண்டு அச்சும் சேர்ந்து 6,380ஆக இருந்தது 7,320 ஆகிவிட்டது; வித்தியாசம் 940. அதுதான் முன்பாரம். மூக்கு 380 பவுண்டு தூக்கியிருந்தது.

மூன்றாவது முறை கம்பிகளை இறுக்கி: முன் 3,020, பின் 4,160, ட்ரெய்லர் 6,400. மூக்கு பாதி இறங்கிவிட்டது. ஆனால் ட்ரக் மொத்தம் 7,180, வரம்பு 7,050. பின் அச்சு 4,160. அதன் வரம்பு 4,050. எடை பகிரும் ஹிட்ச் தன்னால் முடிந்ததைச் செய்த பிறகும் இரண்டு வரம்புமே மீறித்தான் இருந்தன. இத்தனைக்கும் மொத்தம் 13,580 பவுண்டையும் அந்த எஞ்சின் முனகாமல் மேடைக்கு இழுத்து வந்திருந்தது. இழுப்பதில் குறையே இல்லை.

நண்பர் சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும்வரை 55 மைல் வேகத்தைத் தாண்டவில்லை. கொலராடோ பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். அந்த ட்ரெய்லரை நஷ்டத்தில்தான் மாற்ற முடிந்தது. பெரிய பெண் கேட்ட தனிப் படுக்கையறை போயிற்று என்பதில் எனக்கே வருத்தம்.

இலையுதிர் காலத்தில் 22 அடி ட்ரெய்லரோடு அதே மேடைக்குத் திரும்பப் போனோம். ஜெனரேட்டரையும் சைக்கிள்களையும் வீட்டில் விட்டுவிட்டு, கம்பிகளை இறுக்கி மேடையில் ஏற்றினோம். சீட்டை இந்த முறை பெரிய பெண் வாங்கி வந்து, ஜன்னல் வழியாகப் படித்தாள்: "முன்னாடி 3,080, பின்னாடி 3,740, ட்ரெய்லர் 4,360. கூட்டுங்கப்பா." ட்ரக்கின் இரண்டையும் கூட்டினால் 6,820. நண்பர் கதவைத் திறந்து ஸ்டிக்கரையும் லேபிளையும் இன்னொரு முறை பார்த்தார். "230 பவுண்டு மிச்சம் இருக்கு."

பின்சீட்டிலிருந்து சின்னவன் கேட்டான்: "அப்ப என் சைக்கிளை எடுத்துட்டு வரலாமாப்பா?"